பூட்டினால் போதாது, இழுத்துப் பாருங்க! - குட்டி விமானங்களுக்குத் திண்டுக்கல் பூட்டு சொல்லும் பாடம்

திண்டுக்கல்லில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் யாரையாவது கவனித்துப் பாருங்கள். கதவைச் சாத்துவார்கள். கொண்டியைப் போடுவார்கள். பூட்டை மாட்டிப் பூட்டுவார்கள். ஆனால், அதோடு நடையைக் கட்டமாட்டார்கள். பூட்டைப் பிடித்து ஓர் இழு. சிலர் இரண்டு இழு. அதற்குப் பிறகுதான் படியிறங்குவார்கள். அப்படியும் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் 'பூட்டினோமா, இல்லையா?' என்று சந்தேகம் வந்தால், ஒரு ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிடலாம்.

அதே சந்தேகம் தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்தில், மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது வந்தால்?

சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்கள் உலகம் முழுக்க அஞ்சும் விஷயங்களில் இதுவும் ஒன்று. இன்ஜின் நன்றாக இருக்கும். இறக்கை நன்றாக இருக்கும். எரிபொருளும் இருக்கும். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடியோ, பக்கத்தில் இருக்கும் கதவோ மட்டும் சரியாகத் தாழிடப்பட்டிருக்காது. அந்த ஒரு கொண்டி, ஒரு நொடியில் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும்.

விமான நிலையமே இல்லாத திண்டுக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. 2019-ம் ஆண்டு அந்தப் பெருமை கிடைத்தது. 'மூடுவது வேறு, பூட்டுவது வேறு' என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானம் கட்டுபவர்கள் பல விபத்துகளுக்குப் பிறகு கற்றுக்கொண்ட பாடமும் அதேதான்.

வீட்டிலேயே விமானமா?

ஆமாம். காரைப்போல ஷோரூமில் வாங்காமல், பாகங்களை 'கிட்' ஆக வரவழைத்து, தானே துளையிட்டு, ரிவெட் அடித்து, ஒயர் இழுத்து விமானம் கட்டுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிக் கட்டப்படும் விமானத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி.

நம் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. ஆலப்புழாவைச் சேர்ந்த இன்ஜினீயர் அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் வசித்தபடி கொரோனா ஊரடங்குக் காலத்தில் நான்கு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங்' நிறுவனத்தின் கிட் அது. சுமார் ஒன்றரை வருட உழைப்பு. இளைய மகள் தியாவின் பெயரைச் சேர்த்து 'ஜி-தியா' என்று பெயரிட்டார். அந்த விமானத்தில் அவர் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவந்த செய்தி 2022-ல் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வலம் வந்தது. மும்பையில் பைலட் அமோல் யாதவ், தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, 2017-ல் அதற்கு அரசின் பதிவு கிடைத்தது.

தொழிற்சாலையில் செய்யும் விமானத்தில் ஒரே மாதிரியான தாழ்ப்பாள் நூற்றுக்கணக்கில் தயாராகும். ஒன்றில் குறை தெரிந்தால் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லி உத்தரவு வரும். வீட்டில் கட்டும் விமானத்தில் அப்படியில்லை. முளை எவ்வளவு நீளம், துளை எந்த இடத்தில், கைப்பிடி எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் கட்டுபவரின் கையில் இருக்கிறது. ஒரே கிட்டில் கட்டிய இரண்டு விமானங்களின் கதவுகள்கூட ஒரே மாதிரி மூடாது.

நரீனுக்கு நடந்தது என்ன?

நெதர்லாந்தைச் சேர்ந்த நரீன் மெல்கும்ஜான், வானில் குட்டிக்கரணம் அடிக்கும் சாகச விமானி. 2024 ஜூன் மாதம் அவர் ஒரு வீடியோவை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடைக்காலப் பயிற்சி முகாமில் நடந்தது அது.

அவர் ஓட்டிய எக்ஸ்ட்ரா 330எல்எக்ஸ் ரக விமானம் வீட்டில் கட்டியதல்ல, நிறுவனம் தயாரித்தது. ஆனாலும், சிக்கல் அதே தாழ்ப்பாள்தான். பறந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி படாரென்று திறந்து நொறுங்கியது. புயல்போலக் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. பார்க்க முடியவில்லை. மூச்சுவிடுவதும் சிரமம். வீடியோவில் அவர் ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கப் போராடுவது தெரியும். ரேடியோவில் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்... தொடர்ந்து ஓட்டு!

அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். பார்வை முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 28 மணி நேரம் ஆனது.

காரணம் என்ன என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னார். பூட்டும் முளை அதன் இடத்தில் போய் உட்காரவே இல்லை. கிளம்பும் முன் கண்ணால் சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கொரோனாவிலிருந்து மீண்டு, உடம்பு தேற நேரம் கொடுக்காமல் பயிற்சிக்கு வந்ததையும் தன் தவறாகவே அவர் பட்டியலிட்டார். தன் தவறை உலகத்துக்கே போட்டுக்காட்டிய அந்தத் துணிச்சல், எத்தனையோ விமானிகளை இன்னொரு முறை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும்.

காற்று ஏன் கதவைத் திறக்கிறது?

'வேகமாகப் போனால் எதிர்க்காற்று கதவை அமுக்கித்தானே பிடிக்கும்?' என்று தோன்றும். நடப்பது நேர்மாறானது.

விமானத்தின் மேல்பகுதி வளைவாக இருக்கும். அந்த வளைவின் மேல் காற்று வேகமெடுத்துப் பாயும்போது, அங்கே அழுத்தம் குறையும். இறக்கை விமானத்தைத் தூக்குவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். வெளியே அழுத்தம் குறைவு, உள்ளே அதிகம் என்றால் மூடி வெளிப்பக்கமாகத்தான் இழுபடும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் காற்றுக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 190 கிலோ எடைக்குச் சமமான பலம் உண்டு. அதில் பாதிதான் இழுவிசையாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூடியின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒன்றரை ஆள் எடைக்கு மேல் தூக்கி இழுப்பதற்குச் சமம். வேகம் பாதியானால் இந்த விசை கால்வாசியாகக் குறையும். அதனால்தான் தரையில் மெதுவாக ஓடும்போது அரைகுறையாக மாட்டிய கொண்டிகூடச் சும்மா இருக்கிறது. மேலெழும்பி வேகம் பிடிக்கும்போது கழன்றுகொள்கிறது. விமானி மிகவும் பரபரப்பாக இருக்கும் நேரமும் அதுதான்.

கீல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும். முன்பக்கம் கீல் வைத்த மூடி, திறந்தாலும் எதிர்க்காற்றால் சில அங்குலத்தோடு நின்றுவிடக்கூடும். ஆனால், கலைந்த காற்று வால்பகுதியில் மோதி, சில விமானங்களின் மூக்கை மேலும் கீழும் ஆட வைக்கும். பின்னால் தள்ளித் திறக்கும் மூடி கொஞ்சம் நகர்ந்து, பெரும் இரைச்சலோடு நிற்கும். பக்கவாட்டில் கீல் வைத்த மூடியும், பறவை இறக்கை விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும் கதவும்தான் பெரிய கவலை. அவை பிய்த்துக்கொண்டு போய் வாலில் மோதினால் விமானத்தின் கட்டுப்பாடே போய்விடலாம்.

வெயிலும் ஒரு வில்லன்!

மே மாதத்துத் திண்டுக்கல் வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடி என்றால் எப்படியிருக்கும்? நம் சமவெளி போன்ற சூடான இடங்களில் சிறு விமானத்தின் காக்பிட் அப்படித்தான் கொதிக்கும். அதனால், விமானிகள் மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்தபடியே தரையில் ஓட்டிச் செல்வார்கள். ஓடுபாதையின் வாசலுக்கு வந்த பிறகு, கடைசி நிமிடத்தில் மூடுவார்கள். பின்னால் இன்னொரு விமானம் காத்திருக்கும். ரேடியோவில் அழைப்பு வரும். மூடுவார்கள். பூட்டியதாக நினைத்துக்கொள்வார்கள்.

வெயில் இன்னொரு வேலையும் செய்யும். மூடிக்குப் பயன்படும் அக்ரிலிக், உலோகத்தைவிட அதிகம் விரியக்கூடியது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக், 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் 1 மில்லிமீட்டர்தான் நீளும். காலைக் குளிரில் கச்சிதமாக உட்கார்ந்த முளை, மதிய வெயிலில் துளைக்கு நேராக வராமல் போக இந்தச் சின்ன வித்தியாசம் போதும். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு தாழ்ப்பாள் விழாத மரக்கதவு நம் வீடுகளில் உண்டுதானே? அதே கதைதான்!

சீட் பெல்ட்டின் நுனி இடுக்கில் மாட்டிக்கொள்வது, பழக்கமில்லாத பயணி கதவைத் தானே சாத்திவிட்டு 'பூட்டிட்டேன்' என்று சொல்வது, செக்லிஸ்ட் படிக்கும்போது பாதியில் யாராவது பேச்சுக்கொடுப்பது... காரணங்களின் பட்டியல் இன்னும் நீளும்.

பூட்டு சொல்லும் மூன்று பாடங்கள்

பாடம் 1: எல்லா லீவரும் எழும்பணும்!

லீவர் பூட்டுக்குள் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவி திரும்பும்போது ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்கு எழும்பினால்தான் உள்தண்டு நகரும். ஒன்று ஏமாற்றினாலும் பூட்டு அசையாது. நல்ல தாழ்ப்பாளுக்கும் இதே குணம் வேண்டும்.

அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10, நான்கு பேர் அமரும் புகழ்பெற்ற கிட் விமானம். மேல்நோக்கித் திறக்கும் இரண்டு கதவுகள். கைப்பிடியைத் திருப்பினால் முன்னால் ஒரு முளை, பின்னால் ஒரு முளை நீண்டு சட்டத்துக்குள் நுழையும். கதவு லேசாக வளைந்துகொடுத்தால், பின்பக்க முளை துளைக்குள் போகாமல் வெளியே நின்றுவிடும். கைப்பிடியோ முழுதாகத் திரும்பியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு 'பூட்டியாச்சு' என்றே தோன்றும். இப்படிப் பறக்கும்போதே கதவுகள் பிய்த்துக்கொண்டு போன சம்பவங்கள் நடந்தன. அதன் பிறகு, முளைகள் ஏமாற்றினாலும் கதவைப் பிடித்துக்கொள்ளும் கூடுதல் கொக்கி ஒன்றை நிறுவனம் கொண்டுவந்தது. காரின் பானெட்டைத் திறக்க உள்ளே லீவரை இழுத்தாலும், வெளியே வந்து இன்னொரு கொக்கியையும் தள்ள வேண்டியிருக்கிறதே, அதே ஏற்பாடுதான்.

பாடம் 2: பூட்டு குரல் கொடுக்கணும்!

சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பழைய மணிப்பூட்டைப் பாட்டி வீட்டுப் பெட்டகங்களில் பார்த்திருக்கலாம். கை வைத்தது யாராக இருந்தாலும், வீட்டுக்கே தெரிந்துவிடும்.

இதே யோசனையை விமானத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பர்ட் ரூட்டன். 1986-ல் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த 'வாயேஜர்' விமானத்தை வடிவமைத்தவர். வீட்டிலேயே கட்டக்கூடிய அவருடைய 'லாங்-ஈஸி' விமானத்தின் மூடி, பக்கவாட்டில் கீல் கொண்டது. அதற்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கொக்கியை வைத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை ஒலியும் வைத்தார். மூடி பூட்டப்படாத நிலையில் த்ராட்டிலை முன்னே தள்ளினால், கத்த ஆரம்பித்துவிடும். விமானி மறக்கலாம். பஸ்ஸர் மறக்காது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உணரும் கருவியைக் கைப்பிடியில் வைத்தால், 'கைப்பிடி திரும்பிவிட்டது' என்று மட்டும்தான் அது சொல்லும். முளை போய்ச் சேரும் இடத்தில் வைத்தால்தான் 'முளை வந்துவிட்டது' என்று சொல்லும். ஒவ்வொரு முளைக்கும் தனித்தனியாக வேண்டும். மின்சார வேலை தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. முளையின் தண்டில் சிவப்பு பெயின்ட் பட்டை அடித்துவிடலாம். சிவப்பு தெரிந்தால் பூட்டவில்லை. தெரியாவிட்டால் பூட்டியாச்சு. செலவு, ஒரு சின்ன டப்பா பெயின்ட்!

பாடம் 3: இழுத்துப் பார்க்கணும்!

எத்தனை விளக்கு, எத்தனை பஸ்ஸர் இருந்தாலும் கடைசிச் சாட்சி கைதான். கட்டுரையின் ஆரம்பத்தில் பார்த்த அந்த ஓர் இழுவை, காக்பிட்டில் ஒரு தள்ளாக மாறும். மூடியை உள்ளிருந்து மேல்நோக்கி, கதவை வெளிநோக்கி, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு மூலையை அல்ல, எல்லா மூலைகளையும்!

கிளம்பும் முன்...

* மூடியது, பூட்டியது, தள்ளிப் பார்த்தது. மூன்றையும் தனித்தனி வரிகளாக செக்லிஸ்ட்டில் எழுதுங்கள். ஒரே வரியில் எழுதினால் ஒரே மூச்சில் கடந்துபோய்விடும்.

* முளைகளைக் கண்ணால் பாருங்கள். கையால் தொடுங்கள். 'பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

* பயணி பூட்டிய கதவை விமானியும் சரிபார்க்க வேண்டும். அடுத்தவர் சொன்னார் என்பது கணக்கில் வராது.

* நடுவில் பேச்சு குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து அல்ல... முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்.

* வெயிலுக்காகத் திறந்துவைத்திருந்தால், ஓடுபாதைக்குள் நுழையும் முன் நின்று, நிதானமாக மூடுங்கள். பின்னால் காத்திருப்பவர் இன்னும் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும்.

* கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மூடி போனாலும் பார்வை போகக் கூடாது.

* முளையின் தேய்மானம், கீலின் ஆட்டம், சட்டத்தின் விரிசல் ஆகியவற்றை அவ்வப்போது பாருங்கள். காலையில் ஒருமுறை, வெயிலேறிய பிறகு ஒருமுறை பூட்டிப் பாருங்கள்.

மீறித் திறந்துவிட்டால்?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்காக வெளியிட்டிருக்கும் கையேடு, இந்த விஷயத்தில் ஆச்சர்யமான ஒன்றைச் சொல்கிறது. பெரும்பாலான நேரங்களில் கதவு திறப்பதைவிட, அந்த நொடியில் விமானி பதறிப்போய்ச் செய்யும் காரியம்தான் பெரிய ஆபத்து!

படாரென்ற சத்தம், காற்றின் ஊளை, பறக்கும் காகிதங்கள். யாராக இருந்தாலும் கை தானாகக் கதவை நோக்கித்தான் போகும். அங்கேதான் தவறு நடக்கிறது. கதவைப் பிடிக்கப்போன கை, விமானத்தை விட்டுவிடுகிறது. எட்டிப் பிடிக்க சீட் பெல்ட்டைக் கழற்றுவது அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். ஓடுபாதையில் ஓடும்போதே திறந்து, நிற்பதற்கு இடமும் மிச்சமிருந்தால், நின்றுவிட வேண்டும். மேலே எழும்பிவிட்டால், முதல் வேலை விமானத்தை ஓட்டுவது. மூக்கு நேராக, வேகம் குறையாமல். கதவு அது பாட்டுக்கு ஆடட்டும். பல கதவுகள் முதலில் படாரெனத் திறந்தாலும், பிறகு காற்றின் போக்கில் பாதி மூடியபடி நின்றுவிடும். அவசரத் திருப்பங்கள் வேண்டாம். வழக்கமான சுற்றில் வந்து, வழக்கம்போலத் தரையிறங்கி, நின்ற பிறகு கதவைப் பூட்டிக்கொள்ளலாம். நரீனுக்கு ரேடியோவில் கிடைத்த அறிவுரையும் இதன் சுருக்கம்தான்.

இது நமக்கும்தான்!

விமானம் கட்டுவது நமக்கு எட்டாத கனவு என்று நினைக்க வேண்டாம். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவ மாணவிகள் குட்டி விமானங்களில் பறந்து பழகுகிறார்கள். அதற்காகவும் விமானப் படைக்காகவும் கடற்படைக்காகவும் 194 'வைரஸ் எஸ்.டபிள்யூ 80' ரகக் குட்டி விமானங்களுக்கு இந்தியா 2015-ல் ஒப்பந்தம் போட்டது. ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர், மொட்டை மாடியிலோ, மில் குடோனிலோ ஒரு விமானத்தைக் கட்டத் தொடங்கலாம். இன்ஜினுக்கும் இறக்கைக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர், கதவுக் கொண்டியைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்கிவிடக் கூடாது.

மலைக்கோட்டையின் நிழலில், நாகல் நகர் பக்கம் பூட்டுப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தகடு வெட்டி, அரம் போட்டு, ரிவெட் அடித்துப் பூட்டு செய்த கைகளுக்கு விமானம் தெரியாமல் இருக்கலாம். ஆனால், பூட்டிய பூட்டை நம்பாதே, இழுத்துப் பார்த்ததை நம்பு என்பது தெரியும்.

வானத்திலிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பி வர முடியாது. கிளம்பும் முன் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால், நஷ்டம் ஒரு நொடி. பூட்டாமல் இருந்திருந்தால்?